நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருடத்துக்கு ஒன்றா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வயது போனவர்களிடம் வெள்ளத்தைப் பற்றிக் கேட்டால் 1957 மார்கழியில் இருந்துதான் தொடங்குவார்கள். இளையவர்களுக்கு அளவு 2011 தை. இரண்டுக்கும் இடையில் 53 வருடங்கள். அப்படியென்றால் அடுத்த பெருவெள்ளம் 2060களில்தானா? இப்படி எண்ணிக்கொண்டு தாழ்நிலத்தில் வீடு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் கணக்கு உண்மையில் எப்படிப் போடப்படுகிறது என்று பார்த்துவிடுவோம்.

ஆற்றில் ஓடும் நீரின் அளவை யாரும் தினமும் அளப்பதில்லை. பாலத்தடியில் நட்ட அளவுகோலில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று மட்டும் குறிப்பார்கள். இந்த மட்டத்துக்குச் செக்கனுக்கு இத்தனை கனமீற்றர் என்று காட்டும் வளைகோடு ஒன்று முன்பே வரையப்பட்டிருக்கும். வெவ்வேறு நாட்களில் ஆற்றின் குறுக்குவெட்டையும் நீரின் வேகத்தையும் அளந்து வரைந்தது அது. பெருவெள்ளத்தில்தான் சிக்கல். கரை தாண்டி வட்டை (வயல்வெளி) முழுக்கப் பரவிய நீருக்குள் இறங்கி அளக்க முடியாது. ஆகவே வளைகோட்டின் மேல்நுனி பெரும்பாலும் ஊகித்து நீட்டியதுதான். நமக்கு அதிகம் தேவைப்படும் எண்ணே நம்பகம் குறைந்த எண்ணாக இருக்கிறது.

அடுத்து, ஒவ்வொரு வருடத்திலும் வந்த ஆகக்கூடிய ஓட்டம் ஒன்றை மட்டும் எடுப்பார்கள். எது வருடம்? தை முதல் மார்கழி வரை என்று எண்ணினால் நம் மாரி நடுவில் பிளந்துபோகும். 2010 மார்கழிக் கடைசியில் தொடங்கிய மழைதான் 2011 தையில் மட்டக்களப்பையும் அம்பாறையையும் மூழ்கடித்தது. ஒரே மாரியின் வெள்ளத்தை இரண்டு வருடக் கணக்கில் இரண்டு தடவை எண்ணிவிடக் கூடாது. அதனால் நீரியல் வருடம் ஒக்டோபர் 1இல் தொடங்கி செப்டெம்பர் 30இல் முடியும். பெரும்போகத்துக்கு வயலில் இறங்கும் காலமும் ஏறத்தாழ அதுதான்.

எடுத்துக்காட்டுக்கு, 40 வருடப் பதிவு கையில் இருக்கிறது என்று கொள்வோம். 40 உச்ச ஓட்டங்களையும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்த வேண்டும். வருட எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, வரிசை எண்ணால் வகுத்தால் மீள்வருகைக் காலம் கிடைக்கும்; அதாவது அந்த அளவோ அதைவிடக் கூடவோ உள்ள வெள்ளம் சராசரியாக எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும் என்பது. முதலாவதுக்கு 41 வருடம், இரண்டாவதுக்கு 20.5, நான்காவதுக்குப் பத்துச் சொச்சம். ஒன்றைக் கூட்டாவிட்டால், பதிவில் உள்ள ஆகச் சிறிய உச்சத்தைவிடக் குறைந்தது இனி வரவே வராது என்று சொன்னதாகிவிடும்.

41க்கு அப்பால் போக, இந்தப் புள்ளிகளின் மேல் பொருத்தமான ஒரு நிகழ்தகவுப் பரவலை வைத்து நீட்டுவார்கள். ஜேர்மனியில் பிறந்த கணிதவியலாளர் எமில் கும்பல் (1891–1966) பெயரிலான பரவல் இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. நீட்ட நீட்டப் பிழையின் அகலமும் கூடும். நூறாண்டு வெள்ளம் செக்கனுக்கு இத்தனை கனமீற்றர் என்று ஒற்றை எண்ணை யாராவது தந்தால், மேலும் கீழும் எவ்வளவு என்று கேளுங்கள்.

அந்த நூறு, கால அட்டவணை அல்ல. குடத்துக்குள் நூறு சீட்டு, ஒன்று மட்டும் சிவப்பு. ஒவ்வொரு மாரிக்கும் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுகிறோம். போன வருடம் சிவப்பு வந்ததால் இந்த வருடத்துக்கான வாய்ப்பு குறையாது, அதே 1 வீதம்தான். 30 வருடம் நிற்கப்போகும் வீடு அந்த வெள்ளத்தை ஒருமுறையாவது காண 26 வீத வாய்ப்பு உண்டு. நாலில் ஒன்று!

எங்கள் பக்கத்தில் இன்னும் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். இங்கினியாகலையில் அணை கட்டிச் சேனநாயக்க சமுத்திரம் உருவான பிறகு பட்டிப்பளை ஆறு (கல்லோயா) வேறோர் ஆறு. அணைக்கு முந்திய ஓட்டங்களையும் பிந்தியவற்றையும் ஒரே வரிசையில் கலந்தால் விடை பொய்யாகும். மற்றது வாவி. அது கடலோடு சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டுக் கிடந்தால், அதே அளவு ஆற்றுநீர் ஊருக்குள் இன்னும் உயரமாக ஏறும். ஓட்டத்தின் மீள்வருகைக் காலத்தை அப்படியே நீர்மட்டத்தின் மீள்வருகைக் காலமாக எடுக்க முடியாது.

பதிவு குறுகியதாக இருந்தாலும் அதை நீட்ட வழி உண்டு. அளவுகோல் இல்லாத காலத்து வெள்ளம் ஒன்றின் உயரமும் ஆண்டும் தெரிந்து, அதற்குப் பின் அதை மிஞ்சியது எத்தனை தடவை என்பதும் தெரிந்தால், அதையும் கணக்கில் சேர்க்கும் முறைகள் புள்ளிவிபரவியலில் இருக்கின்றன. 1957 வெள்ளம் கோயில் சுவரில் எந்தக் கல்வரை ஏறியது என்று விரலால் காட்டக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. அந்த இடத்தைக் கடல்மட்டத்தோடு ஒப்பிட்டு அளந்து, ஆண்டையும், தெரிந்தால் அப்போது மணலை வெட்டி முகத்துவாரம் திறந்திருந்ததா என்பதையும் சேர்த்து எழுதினால், 40 வருடக் கணக்கு 70 வருடத்தை எட்டும்.