பல் ஊசியும் எழுபது வயது இதயமும்

வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ ஏதாவது ஒரு பல் கிளினிக்கில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இது கட்டாயம் காதில் விழும்: "எனக்கு பிபி இருக்கு டாக்டர், ஹார்ட்டுக்கும் மாத்திரை சாப்பிடுறேன். ஊசி போடாம புடுங்கிடுங்களேன்." கேட்பவர் அநேகமாக அறுபத்தைந்தைத் தாண்டியவர். கூட வந்த மகளும் "ஆமா டாக்டர், ஊசி வேணாம்" என்பார். பல்லைப் பிடுங்கினால் கண் போய்விடும் என்ற பழைய பயத்துக்கு அடுத்தபடியாக, மரத்துப்போகிற ஊசி இதயத்தை நிறுத்திவிடும் என்ற பயம் இங்கே பலமாக இருக்கிறது.

பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் ஊசியே வேண்டாம் என்பதுதான் இதயத்துக்கு இன்னும் கெட்ட யோசனை. ஏன் என்று தெரிய, அந்த ஊசிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பெரும்பாலும் இரண்டு மருந்துகள். ஒன்று லிக்னோகெய்ன். 1943-ல் சுவீடனில் நில்ஸ் லோஃப்கிரன் உருவாக்கியது. நரம்பில் வலிச் செய்தி ஓடுவதற்கு, நரம்புச் செல்லின் சுவரில் உள்ள நுண்ணிய வாசல்கள் வழியே சோடியம் உள்ளே பாய வேண்டும். லிக்னோகெய்ன் அந்த வாசல்களை அடைத்துவிடுகிறது. பல் அங்கேயேதான் வலிக்கிறது, செய்திதான் மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

இதில் ஒரு தொல்லை. லிக்னோகெய்ன் ரத்தக்குழாய்களை விரியச் செய்யும். விரிந்த குழாய் வழியே ரத்தம் அதிகமாக ஓடி, போட்ட மருந்தையே அள்ளிக்கொண்டு போய்விடும். தனி லிக்னோகெய்னில் பல்லின் உள் நரம்பு ஐந்து, பத்து நிமிடம் மரத்திருந்தாலே பெரிது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அது எந்த மூலைக்குப் போதும்? அதனால்தான் இரண்டாவது மருந்து, அட்ரினலின். அது ஈறில் உள்ள குழாய்களைச் சுருக்கி மருந்தை அங்கேயே நிறுத்தி வைக்கிறது. மரப்பு ஒரு மணி நேரம் வரை நீள்கிறது, ரத்தக்கசிவும் குறைகிறது.

இதயத்தைப் பற்றிய கவலையெல்லாம் இந்த அட்ரினலினால் வருவதுதான். நம் ஊரில் அதிகம் பயன்படும் மருந்துப் புட்டியில் 1:80,000 என்று போட்டிருக்கும். 80,000 மில்லி திரவத்தில் 1 கிராம் அட்ரினலின் என்று அர்த்தம். கணக்குப் போட்டால் ஒரு மில்லியில் 12.5 மைக்ரோகிராம். கீழ்த்தாடை ஊசிக்கு 2 மில்லி போனால் 25 மைக்ரோகிராம். கடுமையான ஒவ்வாமையில் உயிரைக் காப்பாற்றத் தொடையில் போடும் அட்ரினலின் 500 மைக்ரோகிராம், அதாவது இருபது மடங்கு. இதய நோயாளிக்கு ஒரு தடவையில் 40 மைக்ரோகிராமுக்கு மேல் போக வேண்டாம் என்பது பல் மருத்துவர்கள் வழக்கமாகப் பின்பற்றும் எல்லை. 1:80,000 கலவையில் அது சுமார் 3 மில்லி. ஒரு பல்லுக்கு இது தாராளம். ஒரே நாளில் நாலு பல் பிடுங்கச் சொன்னால்தான் பிரச்சினை.

சரி, இந்த 25 மைக்ரோகிராம் உடம்பில் என்ன செய்கிறது? ஈறிலிருந்து மெல்ல மெல்ல ரத்தத்தில் கலந்து இதயத்தை எட்டும்போது, துடிப்பு கொஞ்சம் கூடுகிறது, இதயம் சற்று அழுத்தமாகச் சுருங்குகிறது. ஆனால் அதே அட்ரினலின் கை, கால் தசைகளில் உள்ள குழாய்களை விரிக்கவும் செய்கிறது. அதனால் மேல் அழுத்தம் சற்று ஏறினாலும் கீழ் அழுத்தம் அப்படியே நிற்கும், சிலருக்குக் கொஞ்சம் இறங்கவும் செய்யும். ரத்தத்தில் கலந்த அட்ரினலின் சில நிமிடங்களில் சிதைந்துவிடுகிறது.

இளவயதுக்காரருக்குக் கதை இதோடு முடிந்தது. வயதானால் வேறு. மெட்ரோ வாட்டர் லாரியிலிருந்து வரும் புது ரப்பர் டியூப் தண்ணீரின் வேகத்துக்கு ஏற்ப உப்பிக் கொடுக்கும், வெயிலில் காய்ந்து இறுகிய பழைய டியூப் கொடுக்காது. எழுபது வயதுத் தமனியும் அப்படி இறுகியதுதான். இதயம் சற்றே அழுத்தித் தள்ளினாலும் மேல் அழுத்தம் எகிறுகிறது. அழுத்தம் ஏறியதை உணர்ந்து துடிப்பைக் குறைக்கும் கழுத்துத் தமனி உணரிகளும் மந்தமாகியிருக்கும். அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. இதயத் தசை தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான ஓய்வில்தான் வாங்கிக்கொள்கிறது. துடிப்பு வேகமானால் அந்த ஓய்வு சுருங்கும். இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோனரிக் குழாயில் ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு, வேலை கூடி வரவு குறையும் இந்த நேரத்தில்தான் நெஞ்சுவலி வரும்.

அப்படியென்றால் அட்ரினலினைத் தவிர்ப்பதுதானே புத்திசாலித்தனம்? இங்கேதான் நம் பெரியவர்களின் கணக்கு தப்புகிறது. சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் சுரப்பி இதே அட்ரினலினைத்தான் தயாரிக்கிறது. மரக்காத பல்லில் குறடு பிடிக்கும்போது அது 25 மைக்ரோகிராமோடு நிறுத்திக்கொள்ளாது. வலி இருக்கும்வரை நேரடியாக ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கூடவே நரம்பு முனைகள், அழுத்தத்தை ஏற்றும் நார்-அட்ரினலினையும் கொட்டும். டாக்டர் கொடுப்பது அளவோடு, ஈறு வழியாக, மெதுவாக வருகிறது. பயமும் வலியும் கொடுப்பதற்கு அளவே கிடையாது. என்னைக் கேட்டால், இதய நோயாளிக்கு நன்றாக மரக்கச் செய்வதே பாதி வைத்தியம் என்பேன்.

விதிவிலக்குகள் உண்டு, அவை பெரும்பாலும் மாத்திரைகளில் ஒளிந்திருக்கின்றன. பிபிக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் புரோப்ரனலால் மாத்திரை சாப்பிடுபவருக்கு, தசைக் குழாய்களை விரிக்கும் அட்ரினலினின் பாதி வேலை தடைபட்டுவிடும், சுருக்கும் பாதி மட்டும் மிஞ்சும். அழுத்தம் சட்டென ஏறி, அதற்கு எதிர்வினையாகத் துடிப்பு இறங்கிப்போகலாம். அதே வகை மாத்திரைகளான அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்றவற்றில் இந்த ஆபத்து குறைவு. சிக்கல் என்னவென்றால், புரோப்ரனலாலை கைநடுக்கத்துக்கும் ஒற்றைத் தலைவலிக்கும்கூடக் கொடுப்பார்கள். "பிபி மாத்திரை உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்பதுதான் பதில். சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் அப்படித்தான். அது அட்ரினலினின் வேகத்தைக் கூட்டும், ஆனால் கால் எரிச்சலுக்கும் பல்லுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? எனவே மாத்திரையின் பெயரை நினைவிலிருந்து சொல்லாமல், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து கொடுத்ததோ மெடிக்கலில் வாங்கியதோ, எல்லா அட்டையையும் பையில் போட்டுக் கொண்டுபோவது நல்லது. விவரம் தெரிந்தால் டாக்டர் அளவைக் குறைக்கலாம், அட்ரினலின் குறைந்த கலவைக்கு மாறலாம்.

இன்னொரு விபத்து, ஊசி முனை தெரியாமல் ரத்தக்குழாய்க்குள் போய்விடுவது. கீழ்த்தாடை நரம்பை ஒட்டியே குழாய்களும் ஓடுவதால் இது அபூர்வம் அல்ல. அதனால்தான் மருந்தைச் செலுத்தும் முன் சிரிஞ்சைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கிறார்கள், பிறகு மில்லிக்கு ஒரு நிமிடம் என்கிற நிதானத்தில் போடுகிறார்கள். இதைச் செய்யாவிட்டால் சில நிமிடம் நெஞ்சு படபடவென்று அடிக்கும், கை நடுங்கும். அதற்குப் பிறகு காலமெல்லாம் "எனக்கு அந்த ஊசி அலர்ஜி" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. லிக்னோகெய்னுக்கு உண்மையான அலர்ஜி மிக மிக அரிது.

லிக்னோகெய்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதயத்தின் கீழறை தாறுமாறாகத் துடிக்கும்போது அதைச் சீராக்க தீவிர சிகிச்சைப் பிரிவில் நரம்பு வழியே கொடுப்பதும் இதே லிக்னோகெய்ன்தான். ஒரு பல்லுக்குப் போடும் 40 மில்லிகிராம் இதயத்தை நிறுத்தாது. ஆனால் இதைச் சிதைப்பது கல்லீரல், வயதானால் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் குறைகிறது. நாற்பது கிலோ எடையுள்ள ஒரு ஆயாவுக்கு ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டே போனால் முதலில் நாக்கு மரத்து, காதில் இரைச்சல் கேட்கும். மேலும் ஏறினால் வலிப்பு, அதற்கும் மேல்தான் இதயம்.

காலையில் பிபி மாத்திரையை நிறுத்திவிட்டு, வெறும் வயிற்றில் வருவது இங்கே பரவலான பழக்கம். இரண்டுமே தப்பு. ஆஸ்பிரினையும் டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்தக் கூடாது. அழுத்தம் 180/110-க்கு மேல் இருந்தால் அவசரமில்லாத பல்லைத் தள்ளிப்போடுவார்கள். சமீபத்தில் மாரடைப்பு வந்தவர், இதயம் பலவீனமானவர் என்றால் தெருமுனை கிளினிக்கைவிட, இதயப் பிரிவும் உள்ள ஸ்டான்லி போன்ற பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொண்டு செய்வதே மேல்.

உண்மையில் பல் நாற்காலியில் அதிகம் நடப்பது மாரடைப்பு அல்ல, மயக்கம். பயத்தில் துடிப்பும் அழுத்தமும் விழுந்து தலை சுற்றும், சாய்த்துப் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் தெளிந்துவிடும். பெரியவர்களுக்கு வேலை முடிந்த பிறகும் இது வரலாம். அரைமணி சாய்ந்திருந்துவிட்டு விசுக்கென்று எழுந்தால், பிபி மாத்திரையும் சேர்ந்து, மூளைக்கு ரத்தம் எட்டத் தாமதமாகும். நாற்காலியை நிமிர்த்தியதும் காலைத் தொங்கவிட்டு இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்து, கூட வந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் போதும். ஷேர் ஆட்டோ இன்னொன்று வரும்.