டேங்க் காலி, டிஸ்ப்ளேயில் 'ஃபுல்': பழி மட்டும் வெயில் மேலா?

குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. டிஸ்ப்ளேயோ டேங்க் நிரம்பியிருக்கிறது என்கிறது, மோட்டார் ஓடவே இல்லை. மதுரையில் சித்திரை பிறந்தாலே இந்தப் புகார்தான். கூடவே ஒரு தீர்ப்பும்: "கெப்பாசிட்டிவ் சென்சார் வெயிலுக்குத் தாங்காது சார், மாத்திடுங்க." டேங்க்குக்குள் இறக்கிய கம்பி எவ்வளவு மின்னூட்டம் பிடித்து வைக்கிறது (கெப்பாசிட்டன்ஸ்) என்று பார்த்து நீர்மட்டம் சொல்லும் கருவி அது; தண்ணீர் ஏற ஏற அந்த அளவும் ஏறும்.

தயவுசெய்து இதை நிறுத்துங்கள். தண்ணீரின் மின்காப்பு மாறிலி (தகடுகளுக்கு நடுவே ஒரு பொருள் இருந்தால் கெப்பாசிட்டன்ஸ் எத்தனை மடங்கு கூடும் என்ற எண்) 20 டிகிரியில் 80, 40 டிகிரியில் 73, அதனால் ரீடிங் மாறுகிறது என்று கணக்கு வேறு சொல்கிறார்கள். எண்கள் சரி, பொருத்திய இடம்தான் தப்பு. அந்தக் கணக்கு மின்சாரம் கடத்தாத திரவத்துக்கு உரியது. நம் பக்கத்துப் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர், நன்றாகவே கடத்தும். டெஃப்லான் உறை போட்ட கம்பியை அதில் இறக்கினால் மின்னூட்டம் பிடிக்கும் இரண்டு தகடுகளில் கம்பி ஒரு தகடு, தண்ணீரே மறு தகடு. நடுவே இருப்பது டெஃப்லான் மட்டும். தண்ணீரின் மாறிலி 80 ஆனால் என்ன, 73 ஆனால் என்ன? கணக்கிலேயே அது வராது.

கம்பியை வெளியே எடுத்துப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு, அதன் மேல் வழவழவென்று பாசி. தண்ணீர் இறங்கிய பிறகும் அந்த ஈரப் படலம் தகடாகவே ஒட்டிக்கொண்டிருக்கும், மட்டம் உயர்த்திக் காட்டும். வினிகர் நனைத்த துணியைப் பத்து நிமிடம் சுற்றி வைத்துத் துடைத்து, நல்ல தண்ணீரில் அலசுங்கள். கத்தியால் சுரண்டவே கூடாது. உறையில் ஒரு கீறல் போதும், தண்ணீர் அந்தக் கீறலைத் தொட்டதும் 'ஃபுல்'.

அடுத்தது கேபிள். 10 மி.மீ. கம்பி, 1 மி.மீ. உறை என்றால் மீட்டருக்குச் சுமார் 640 பைக்கோஃபாரட் (கெப்பாசிட்டன்ஸை அளக்கும் அலகு). சாதாரண கோஆக்ஸ் கேபிளே (நடுக் கம்பியைச் சுற்றி உலோக வலை உள்ளது) மீட்டருக்கு 100 வைத்திருக்கிறது. மொட்டை மாடியில் காலிபரேஷன் (காலி, நிறைவு அளவுகளைப் பதிவது) முடித்துவிட்டு, கம்பிக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவே ஒரு மீட்டர் கேபிள் கூட்டினால் 15 செ.மீ. தண்ணீர் பொய்யாக ஏறிவிடும். சர்க்யூட்டைக் கம்பியின் தலையிலேயே வையுங்கள். காலி, நிறைவு என்ற இரண்டு புள்ளியையும் பொருத்திய நிலையிலேயே பதியுங்கள்.

பிளாஸ்டிக் டேங்க்கா? சுவரில் உலோகம் கிடையாது, அதனால் தண்ணீர் என்ற மறு தகடு சர்க்யூட்டோடு சேர வழியில்லை. மேலிருந்து அடி வரை ஒரு ஸ்டெயின்லெஸ் கம்பி இறக்கி, சர்க்யூட் கிரவுண்டில் சேர்த்தே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டு "ரீடிங் ஆடுது" என்றால் ஆடத்தான் செய்யும்.

ஐப்பசி மழைக்கு முன்னால் டெர்மினல் பெட்டியையும் திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் கோத்தாலும் மட்டம் கூடும். கேபிள் நுழையும் துளையை அடைக்கும் கிளாண்டை இறுக்குங்கள், கேபிள் பெட்டிக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.