இரண்டு நாள்தான் இருக்கிறது என்றால் எதை டெஸ்ட் செய்வீர்கள்?

ஒரு மென்பொருளில் எதை, எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் ஆவணம்தான் டெஸ்ட் ஸ்ட்ராட்டஜி. அந்தப் பெயரில் பல டீம்களில் இருப்பது, போன பிராஜெக்டின் ஆவணத்தில் பெயரை மட்டும் மாற்றிய நகல்தான். ஃபங்ஷனல் டெஸ்டிங் (வசதிகள் வேலை செய்கின்றனவா) செய்யப்படும், ரெக்ரஷன் (புதிய மாற்றத்தால் பழையது கெட்டதா) செய்யப்படும், பெர்ஃபார்மன்ஸ் (வேகம்) பார்க்கப்படும் என்று அதில் எல்லாமே இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை ரிலீஸ், பில்டு (சோதிக்கவேண்டிய புதிய பதிப்பு) கைக்கு வந்ததோ புதன்கிழமை மாலை. முதலில் எதைத் தொடுவது என்று கேட்டால் அதில் பதில் இருக்காது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இரண்டு பக்கம் எழுதினாலே போதும்.

ஒரு மளிகை டெலிவரி ஆப்பை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு பகுதிக்கும் இரண்டு மதிப்பெண் போடுங்கள்: கெட்டுப்போக எவ்வளவு வாய்ப்பு, கெட்டால் எவ்வளவு நஷ்டம். இரண்டும் 1 முதல் 5 வரை. வாய்ப்பை டெவலப்பர்கள் சொல்லட்டும்; எந்தக் கோடு (code, நிரல்) புதிது, எதைத் தொடவே பயப்படுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நஷ்டத்தை பிசினஸ்காரர்களும் கஸ்டமர் கேரில் இருப்பவர்களும் சொல்லட்டும். டெஸ்டர்கள் மட்டும் தனியாக உட்கார்ந்து இந்த அட்டவணையை நிரப்பினால் அது ஊகமாகிவிடும். பேமென்ட் 4 × 5 = 20 என்று வரும், ப்ரொஃபைல் படம் 2 × 1 = 2 என்று வரும். 20 வந்த இடத்தில் ஆழமாகத் தோண்டுங்கள். 2 வந்ததை ஒருமுறை திறந்து பார்த்தால் போதும், நேரமில்லையென்றால் விட்டுவிடலாம். ஆனால் எதை விட்டோம் என்பதை எழுதி, ப்ராடக்ட் மேனேஜரின் ஒப்புதலையும் வாங்கி வையுங்கள்.

ஆழமாக என்றால் எவ்வளவு ஆழம்? யுபிஐ-யில் பணம் கட்டினோம், ஆர்டர் விழுந்தது என்று முடிக்கும் டெஸ்ட் மேலோட்டமானது. ‘பே’ பட்டனை அழுத்திய அடுத்த நொடியே நெட்டைத் துண்டியுங்கள். பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். ஒரே ஷாப்பிங் கார்ட்டை இரண்டு பிரவுசர் டேபில் திறந்து இரண்டிலும் பணம் கட்டுங்கள். பேமென்ட் கேட்வே (பணப் பரிமாற்றத்தை நடத்தும் சேவை) அனுப்பும் உறுதிச்செய்தி இரண்டு தடவை வந்தால் என்ன ஆகிறது? ஆர்டரை ரத்து செய்த பிறகு தாமதமாக வந்தால்? வாடிக்கையாளர் ஆப்புக்குத் திரும்பும் முன்பே வந்தால்? ஒவ்வொரு தடவையும் திரையோடு நிற்காமல் டேட்டாபேஸையும் கேட்வே கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பணம் போய் ஆர்டர் விழாதது இங்கேதான் பிடிபடும்.

தள்ளுபடி விதியில் சிக்கல் பெரும்பாலும் கோடுக்கு முன்பே, வாக்கியத்திலேயே இருக்கும். “500 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 10% தள்ளுபடி, அதிகபட்சம் 100 ரூபாய்.” சரியாக 500 ரூபாய் வந்தால் தள்ளுபடி உண்டா? பேச்சுவழக்கில் ‘மேல்’ என்றால் சிலருக்கு 500-ம் சேர்த்தி, சிலருக்கு இல்லை. டெஸ்ட் கேஸ் எழுதும் முன் இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். பிறகு 499.99, 500, 500.01 ஆகியவற்றையும், உச்சவரம்பு தொடும் 999, 1000, 1001 ஆகியவற்றையும் சோதித்தால், நடுவில் நூறு மதிப்புகளைச் சோதிப்பதைவிடப் பயன் அதிகம்.

பேமென்ட் முறை 5, பிரவுசர் 4, இயங்குதளம் 3, பயனர் வகை 3, மொழி 2 என்றால் மொத்தம் 360 சேர்க்கைகள். அத்தனையும் தேவையில்லை. வெவ்வேறு வகைகளின் எந்த இரண்டு மதிப்புகளும் ஒருமுறையாவது சேர்ந்து வரும்படி அமைத்தால் குறைந்தது 20 (5 × 4) சேர்க்கைகள் வேண்டும். அதை ஒட்டிய எண்ணிக்கையிலேயே முடித்துவிடலாம்.

தமிழ்ப் பெயர்களுக்குத் தனி இடம் ஒதுக்குங்கள். ‘கிருஷ்ணமூர்த்தி’ நம் கண்ணுக்கு 8 எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் 15 குறியீடுகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 45 பைட்டுகள். பெயர் புலம் 40 பைட்டில் நின்றால் பெயர் நடுவில் அறுந்துவிடும். ‘கொ’ என்பதில் வரும் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். சேமிக்கும் முன் ஒரே வடிவத்துக்கு மாற்றாவிட்டால் தேடலில் சிக்காது. இனிஷியல் மட்டும் உள்ளவரிடம் கடைசிப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவத்தையும் இந்தப் பட்டியலில் சேருங்கள்.

ஆட்டோமேஷனில் நடக்கும் பெரிய தவறு, எல்லாவற்றையும் திரை வழியாகவே ஓட்டுவது. தலா 30 நொடி எடுக்கும் 800 திரை டெஸ்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடினால் 6 மணி 40 நிமிடம். தள்ளுபடிக் கணக்கு யூனிட் டெஸ்டில் (கோடின் சிறு துண்டைத் தனியே சோதிப்பது) இருக்கட்டும், கேட்வே தொடர்பானவை ஏபிஐ மட்டத்தில் (திரையில்லாமல் மென்பொருள்கள் நேரடியாகப் பேசும் இடம்) இருக்கட்டும். முக்கியமான சில பயணங்கள் மட்டும் திரை வழியாக ஓடட்டும். வெளிப்படையான காரணமில்லாமல் ஒருநாள் பாஸ், ஒருநாள் ஃபெயில் ஆகும் டெஸ்டை அன்றே தனியாக ஒதுக்குங்கள். அதை ஓடவிட்டால் சிவப்பை (ஃபெயில் என்ற குறியை) பார்த்ததும் ரீ-ரன் கொடுக்கும் பழக்கம் டீமுக்கு ஒட்டிக்கொள்ளும். பிறகு உண்மையான பிழையும் அதே சிவப்பில் மறைந்துவிடும். டெஸ்ட் இப்படி மாறிமாறி வருவதற்கு ஒரு காரணம் சர்வரின் நேரம். சர்வர் யூடிசி-யில் (உலகப் பொது நேரம்) ஓடினால், இந்திய நேரம் நள்ளிரவு முதல் காலை 5:30 வரை அதற்கு இன்னும் நேற்றைய தேதிதான்.

கோடு சரியாக இருந்தாலும் அது சர்வருக்குப் போகும் விதம் கவிழ்த்துவிடும். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டலில் 2012 ஆகஸ்ட் 1 அன்று நடந்தது இதுதான். புதிய கோடு 8 சர்வர்களுக்குப் போகவேண்டியது, 7-க்குத்தான் போனது. 2003-லேயே பயன்பாட்டை நிறுத்தியும் நீக்காமல் விட்ட ‘பவர் பெக்’ என்ற பழைய கோடு எட்டாவது சர்வரில் விழித்துக்கொண்டது. அதை இயக்கிய பழைய ஃப்ளாகையே (ஒரு வசதியை ஆன், ஆஃப் செய்யும் குறி) புதிய வசதிக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். சுமார் 45 நிமிடத்தில் 40 லட்சம் பரிவர்த்தனைகள், 46 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். சந்தை திறக்கும் முன்பே அந்தப் பிழையைக் குறிப்பிட்டு 97 தானியங்கி மின்னஞ்சல்கள் வந்திருந்தன, யாரும் நடவடிக்கை எடுக்கவில்லை. சரிசெய்யப் போனவர்கள் சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய கோடை நீக்க, நிலைமை இன்னும் மோசமானது.

அதனால் ரிலீஸ் அன்று செய்யவேண்டியவையும் அந்த இரண்டு பக்கத்துக்குள் வரவேண்டும். எல்லா சர்வரிலும் ஒரே வெர்ஷன் ஓடுகிறதா என்பதை இன்னொருவர் சரிபார்க்கவேண்டும். எச்சரிக்கை மின்னஞ்சல் யாருக்குப் போகிறது, அவர் வராத நாளில் யார் பார்ப்பது என்று பெயரோடு எழுதுங்கள். பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் வழியை ஸ்டேஜிங்கில் (ரிலீஸுக்கு முன் சோதித்துப் பார்க்கும் மாதிரி சூழல்) ஒருமுறை முழுதாக ஓட்டிப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆனது என்பதையும் குறித்து வையுங்கள்.