அடம் பிடிப்பது பிள்ளை, பயிற்சி அப்பா அம்மாவுக்கு

கோபம் வந்தால் கையில் கிடைத்ததை வீசியெறியும் பிள்ளையை மனநல ஆலோசனைக்குக் கூட்டி வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இதுதான்: “அவன்கிட்ட தனியா உட்கார்ந்து பேசிப் புரிய வைங்க மேடம்.” பேசத்தான் செய்கிறோம். ஆனால் சின்னப் பிள்ளைகளிடம் அந்தப் பேச்சால் மட்டும் பெரிய மாற்றம் வராது. முக்கால்வாசி வேலை பெற்றோரோடுதான்.

எல்லா அடமும் நோயல்ல. 3 வயதில் கடைவாசலில் உருண்டு அழுவது அந்த வயதின் இயல்பு. 5 வயது முதல், 6 மாதமாவது தொடர்ந்து, வாரம் ஒரு முறையாவது கோபமும் எதிர்ப்பும் வெளிப்பட்டால் எதிர்ப்பு நடத்தைக் கோளாறா என்று பார்ப்போம். கூடப்பிறந்தவர்களோடு மட்டும் சண்டை என்றால் அந்தப் பெயரைச் சூட்டுவதில்லை.

அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பாட்டர்சன் குடும்பங்களை அவரவர் வீட்டிலேயே கவனித்து விளக்கிய ஒரு சுழற்சி உண்டு. நம் வீடுகளில் அது போனில் தொடங்குகிறது. போனைப் பிடுங்குகிறோம், கத்துகிறான். நாமும் கத்துகிறோம், தட்டைத் தூக்கி எறிகிறான். “இந்தா, தொலை” என்று கொடுத்துவிடுகிறோம். வீடு அமைதியாகிறது. தட்டை எறியும் அளவுக்குச் சென்றால் போன் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். கொடுத்துவிட்டால் சத்தம் நிற்கும் என்று நாமும் கற்றுக்கொள்கிறோம். மறுநாள் அவன் நேரே தட்டிலிருந்தே தொடங்குவான்.

இதை உடைக்க முதலில் உறவைச் சரிசெய்ய வேண்டும். 1970களில் ஷீலா ஐபெர்க் உருவாக்கிய பெற்றோர்–குழந்தை ஊடாட்டச் சிகிச்சையில் வீட்டுப்பாடம் பெற்றோருக்குத்தான்: தினமும் 5 நிமிடம் பிள்ளையோடு விளையாட வேண்டும். கேள்வி, கட்டளை, குறை மூன்றும் கூடாது. கேட்க எளிதாக இருக்கும். கட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்த மறுநொடியே நம் அம்மாக்கள், “இது என்ன கலர்? மொத்தம் எத்தனை, எண்ணு” என்று ஆரம்பித்துவிடுவார்கள். விளையாட்டு பரீட்சையாகிவிடும். அதை விட்டு, “சிவப்புக் கட்டைய மேல வைக்கிற, விழாம மெதுவா வைக்கிற” என்று அவன் செய்வதைச் சொன்னால் போதும். எப்போதும் திட்டு மட்டுமே வாங்கும் பிள்ளை அப்போது நிமிர்ந்து பார்க்கும் பார்வைக்காகவே இந்தப் பயிற்சியை நான் முதலில் வைக்கிறேன்.

கோபத்தைக் கையாளக் கற்றுத்தருவது அடுத்தது. வயிறு உப்பி இறங்க மெதுவாக மூச்சுவிடுவது, “எனக்குக் கோபம் ஏறுது” என்று வாயால் சொல்வது, அறையில் ஒரு மூலைக்குப் போய் உட்காருவது எல்லாவற்றையும் அமைதியான நேரத்தில் பழக்க வேண்டும். கத்திக்கொண்டிருக்கும்போது அறிவுரை ஏறாது. அப்போது குறைவான சொற்கள், தாழ்ந்த குரல், யாருக்கும் அடிபடாமல் பார்த்துக்கொள்வது, அவ்வளவுதான்.

பலர் பாதியில் விடும் இடம் ஒன்றுண்டு. அழுதாலும் போன் தருவதில்லை என்று முடிவெடுத்தபின், முதல் சில நாள் அழுகை குறையாது, கூடும். பழைய வழி ஏன் வேலை செய்யவில்லை என்று பிள்ளை இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. அந்த நேரத்தில் தாத்தாவோ பாட்டியோ மனமிளகிக் கொடுத்துவிட்டால் அடம் முன்பைவிட உறுதியாகும். அதனால் வீட்டுப் பெரியவர்களையும் ஒருமுறையாவது கூட்டி வரச் சொல்கிறேன். “ரெண்டு போட்டா அடங்கிடுவான்” என்பவர்களிடம் நான் சொல்வது: அடி பயத்தைத் தரும், கோபத்தை அடக்கும் திறமையைத் தராது. கோபம் வந்தால் கை ஓங்கலாம் என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும்.

கவனக்குறைவு மிகைச்செயல்பாடு (ADHD), கற்றல் குறைபாடு, ஆட்டிசம், தூக்கக் குறைவு, காது கேட்பதில் சிக்கல் என்று கோபத்துக்கு அடியில் வேறு காரணம் இருக்கலாம். சிலருக்கு மருந்தும் தேவைப்படும். அதை மனநல மருத்துவர் முடிவு செய்வார். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். ஆலோசனைக்கு வரும்போது பள்ளி நோட்டுகளை எடுத்து வாருங்கள். பலகையில் இருப்பதை எழுத முடியாமல் தினமும் திட்டு வாங்குகிற பிள்ளையா என்பது அதைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.