கடை மீனில் பாதரசம்: கனடாவின் விதி எங்கே கைவிடுகிறது

கனடாவில் கடையில் விற்கும் மீனில் பாதரசம் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. விதி அவ்வளவுதான். ஆனால் இதை நம்பி, "கடையில் விற்கிறார்களே, பிறகென்ன பயம்" என்று கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சாப்பிடுவதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்கவில்லை.

அந்த 0.5 எல்லா மீனுக்கும் கிடையாது. சுறா, வாள்மீன், மார்லின், எஸ்கோலர், ஆரஞ்சு ரஃபி, ரின்னில் அடைக்காத ரூனா ஆகிய ஆறுக்கும் வரம்பு இரட்டிப்பு: 1 மில்லிகிராம். பாதரசம் அதிகம் சேரும் மீன்களுக்கே சலுகை! அதை ஈடுகட்ட மத்திய சுகாதாரத் துறையான ஹெல்த் கனடா ஓர் அளவு சொல்லி வைத்திருக்கிறது. கர்ப்பிணிகள், கருத்தரிக்கக்கூடியவர்கள், பாலூட்டுபவர்கள் இந்த ஆறும் சேர்த்து மாதத்துக்கு 150 கிராம்தான் உண்ணலாம். 5 முதல் 11 வயதுவரை மாதத்துக்கு 125, 1 முதல் 4 வயதுவரை 75. மற்றவர்களுக்கு வாரத்துக்கு 150.

150 கிராம் என்றால் சுமார் ஒரு கோப்பை. பால் சுரக்கட்டும் என்று பிள்ளை பெற்றவளுக்கு அம்மா அன்போடு செய்து வைக்கும் சுறா வறையில், ஒரு மாத அளவு இரண்டு நேரச் சோற்றோடு முடிந்துவிடும். கழுவினாலும் தோலுரித்தாலும் மஞ்சள் போட்டு அவித்தாலும் பாதரசம் போகாது. அது சதையிலேயே பிணைந்திருக்கிறது. கருவாடானாலும் சுறா சுறாதான்.

இதையெல்லாம் பொதியில் தேடாதீர்கள், இருக்காது. கடையில் கேட்டால் "எல்லாம் செக் பண்ணித்தான் வருது அக்கா" என்பார்கள். ஒவ்வொரு மீனையும் யாரும் சோதிப்பதில்லை, மாதிரி எடுத்துத்தான் பார்க்கிறார்கள். வரம்புக்குள் இருப்பது வேறு, கர்ப்பிணிக்கு ஏற்றது வேறு. ரின் மீனிலும் கவனம்: அல்பகோர் என்ற வெள்ளை ரூனா கர்ப்பிணிக்கு வாரம் 300 கிராமைத் தாண்டக்கூடாது. 'லைட்' என்று எழுதியதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சரி, முறையிடலாம் என்றால் எங்கே போவது? வரம்பு வைப்பது ஹெல்த் கனடா. கடை மீனை எடுத்துச் சோதிப்பது கனடிய உணவு ஆய்வு முகமை (CFIA). உணவகம் என்றால் உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பிரிவு. தவறான இடத்துக்கு அழைத்தால் "அது எங்கள் வேலை இல்லை" என்று வைத்துவிடுவார்கள். கடை மீனுக்கு நேரே முகமையிடம் போங்கள்; பற்றுச்சீட்டையும் பொதியையும் எறிந்துவிடாதீர்கள்.

மிகப் பெரிய ஓட்டை இன்னொன்று. விதி விற்பனைக்கு மட்டும்தான். நீங்களே பிடித்தால், வேட்டையாடினால் அது காவல் நிற்காது. இதில் அதிகம் அடிபடுவது வட கியூபெக்கின் நூனாவிக்கில் வாழும் இனுயிட் பழங்குடி மக்கள். எங்கோ எரித்த நிலக்கரியின் பாதரசம் காற்றிலும் நீரோட்டத்திலும் அந்தக் குளிர்கடலுக்குப் போய், சிறுமீனிலிருந்து பெருமீனுக்கு ஏறி, பெலூகா திமிங்கிலத்தின் இறைச்சியில் சேர்கிறது. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் அந்த இறைச்சியைக் குறைக்க வேண்டும் என்று 2011இல் அங்குள்ள சுகாதார வாரியம் சொன்னது. பாதரசத்தை அனுப்பியவர்கள் வேறு, தட்டைத் தள்ளி வைக்க வேண்டியவர்கள் அந்தத் தாய்மார். கடை உணவு யானை விலை விற்கும் ஊரில் இது சின்ன இழப்பல்ல.

ஒன்ராறியோ ஏரிகளில் தூண்டில் போடுபவர்களுக்கும் இதே கதைதான். மாகாணம் ஏரிவாரியாக, மீன்வாரியாக இலவச வழிகாட்டி வைத்திருக்கிறது. அதில் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அளவு தனியாக இருக்கும். பொதுவான அளவைப் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிடாதீர்கள்.