கருங்கல் என்றால் கிரானைட்டா, பசால்ட்டா?

கிரானைட்டைக் 'கருங்கல்' என்று மொழிபெயர்ப்பது எங்கும் பரவிவிட்டது. அதே கையோடு எல்லோராவைப் பற்றி எழுதும்போது அங்கிருக்கும் பசால்ட்டும் கருங்கல் ஆகிவிடுகிறது. சரி, இந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுத வேண்டி வந்தால்? கருங்கல்லுக்கும் கருங்கல்லுக்கும் என்ன வேறுபாடு என்றா தலைப்புப் போடுவது?

கிரானைட், இத்தாலிய 'கிரானித்தோ'விலிருந்து வந்த சொல். மணிமணியாக இருப்பது என்று பொருள். வேர், தானியமணியைக் குறிக்கும் லத்தீன் 'கிரானும்'. பசால்ட், லத்தீன் 'பசால்ட்டெஸ்'. உரைகல்லைக் குறித்த கிரேக்கச் சொல்லோடு தொடர்புடைய 'பசனைட்டெஸ்', ஏடு படியெடுத்தவர்கள் கையில் அப்படித் திரிந்தது என்பார்கள்.

இரண்டும் தீப்பாறைகள், அதாவது உருகிய குழம்பு ஆறி இறுகியவை. கிரானைட் நிலத்துக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் மிக மெதுவாக ஆறியது. அதனால்தான் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், மைக்கா மணிகள் கண்ணுக்குத் தெரியுமளவு வளர்ந்திருக்கின்றன. பசால்ட் எரிமலைக் குழம்பாக வெளியே கொட்டி, சீக்கிரம் இறுகியது. அதன் மணிகளைப் பார்க்க நுண்ணோக்கி வேண்டும். சிலிக்கா முன்னதில் 70 விழுக்காட்டை ஒட்டியும், பின்னதில் 50 விழுக்காட்டை ஒட்டியும் இருக்கும். இரும்பும் மக்னீசியமும் மிகுந்த பசால்ட் கறுப்பாகவும் கனமாகவும் இருக்கிறது. தக்காணத்தில் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் படலம் படலமாகப் பரவியது இதுதான்.

நிறத்தை வைத்துப் பார்த்தால் 'கருங்கல்' என்ற பெயர் பசால்ட்டுக்குத்தான் பொருந்தும். கிரானைட் பெரும்பாலும் வெளிர்சாம்பல், வெள்ளை, இளஞ்சிவப்பு. எகிப்தின் அஸ்வான் கிரானைட் சிவந்தே இருக்கும். சிவப்புக் கருங்கல் என்று எழுத யாருக்கும் கூச்சமில்லையா? கடையில் கறுப்பு கிரானைட் என்று விற்கும் பலகைகளில் பல, உண்மையில் டாலரைட் அல்லது கேப்ரோ. வேதியியலில் அவை பசால்ட்டின் உறவு, கிரானைட்டின் உறவே அல்ல.

கல் தச்சரும் கொத்தனாரும் கருங்கல் என்பது இன்னும் அகலமான பொருளில். உளிக்கு எளிதில் மசியாத கெட்டியான கல் எல்லாம் அவர்களுக்குக் கருங்கல். பரங்கிமலையின் சார்னோக்கைட்டும் அதில் அடங்கும். தீப்பாறையே அல்லாத, உருமாறிய பாறையான நைஸும் அடங்கும். அவர்கள் வேலைக்கு அந்தச் சொல் கச்சிதம். அதைப் பிடுங்கி ஒரே ஒரு பாறைக்குச் சூட்டியது மொழிபெயர்ப்பாளர்தான்.

பசால்ட்டை 'எரிமலைப் பாறை' என்பாரும் உண்டு. ரையோலைட்டும் ஆண்டிசைட்டும் கூட எரிமலைப் பாறைகளே. இனப்பெயரை ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டால் மற்றவற்றை எப்படி அழைப்பது? இதைவிட மோசம், தீப்பாறை முழுவதையுமே எரிமலைப் பாறை என்பது. கிரானைட் எந்த எரிமலை வாயிலிருந்தும் வந்ததில்லை.

தனித்தமிழ்ச் சொல் வேண்டும் என்பதில் எனக்கு ஆசை குறைவில்லை. மூலச் சொல்லின் பொருளை அப்படியே தருகிறதே என்று 'மணிப்பாறை'யைக்கூட எண்ணிப் பார்த்தேன். ஆனால் கேப்ரோவும் மணிமணியாகத்தான் இருக்கிறது. ஆகவே வகைகளுக்குத் தீப்பாறை, ஆழ்நிலைப் பாறை (நிலத்துக்கடியில் ஆறியது), எரிமலைப் பாறை என்று தமிழிலேயே எழுதுவோம்; தனிப் பாறைகளைக் கிரானைட், பசால்ட் என்றே விடுவோம். கருங்கல்லைக் கொத்தனாரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.