ராயபுரம் இன்னும் நிற்கிறது, மற்ற நிலையங்கள்?

பழைய ரயில் நிலையக் கட்டடம் ஒன்றை இடிக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் முதலில் சொல்லும் காரணம், "கட்டடம் பலமிழந்துவிட்டது" என்பதுதான். மரபுக் கட்டடங்களைச் செப்பனிடுவதே என் தொழில். சுவரைத் தட்டிப் பார்க்காமல், கலவையைச் சுரண்டிப் பார்க்காமல் எழுதப்படும் அந்த ஒற்றை வரியை நான் ஏற்பதில்லை. பல இடங்களில் சுவர் நன்றாகவே இருக்கிறது. கெட்டுப்போயிருப்பது, பின்னாளில் யாரோ அதன்மேல் பூசிய சிமெண்ட்.

சென்னை ராயபுரத்தை எடுத்துக்கொள்வோம். 1856 ஜூன் 28 அன்று சென்னை மாகாண ஆளுநர் ஹாரிஸ் பிரபு அந்த நிலையத்தைத் திறந்துவைத்தார். தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் அங்கிருந்துதான், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. ஜூலை 1 முதல் பொதுமக்களுக்கான சேவை தொடங்கியது. பம்பாயின் போரிபந்தரும் தாணாவும் 1853லேயே ரயிலைப் பார்த்துவிட்டன என்றாலும், அந்த முதல் கட்டடங்கள் இன்று இல்லை. நாட்டில் இன்றும் எஞ்சி நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது ராயபுரம்தான் என்ற பெருமை அப்படி வந்தது.

1873இல் சென்ட்ரல் நிலையம் வந்த பிறகு ராயபுரத்தின் மவுசு மெல்லக் குறைந்தது. ஆனால் கட்டடம் சும்மா கிடக்கவில்லை. 1922இல் சென்ட்ரலுக்கு அருகே புதிய தலைமையகம் எழும்வரை ரயில்வே நிறுவனத்தின் தலைமை அலுவலகம் ராயபுரத்தில்தான் இயங்கியது. துறைமுகத்தை ஒட்டிய இடம் என்பதால் சரக்குப் போக்குவரத்தும் தொடர்ந்தது. அப்புறமும் அது நிலையமாகவே நீடித்தது. 2005இல் சீரமைப்பும் நடந்தது. ஆள் நடமாட்டம் உள்ள கட்டடத்தில் ஓர் ஓடு நகர்ந்தால் அந்த மழைக்காலத்திலேயே தெரிந்துவிடும். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் உத்திரம் இற்று விழுந்த பிறகுதான் தெரியும். மறுபயன்பாடு என்று நாங்கள் விடாமல் வலியுறுத்துவது இதற்காகவே.

அந்தக் காலச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கொண்டவை. தரையிலிருந்து ஓதம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சின் வழியே வெளியேறிவிடும். சுவர் ஈரத்தை வாங்கும், விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, பூச்சு முடியும் இடம்வரை மேலேறுகிறது. முழங்கால் உயரத்தில் நின்றிருந்த ஓதம் இடுப்புக்கு மேல் வருவது இப்படித்தான். அங்கே வெள்ளையாக உப்புப் பூக்கிறது. விரல் முட்டியால் தட்டினால் பூச்சு 'டொக் டொக்' என்று பொள்ளலாக ஒலிக்கும். பெயர்த்தால் பின்னாலுள்ள செங்கல் மாவாகக் கொட்டும். இதைப் பார்த்துவிட்டுத்தான் "கட்டடம் போய்விட்டது" என்கிறார்கள். சிமெண்டை முழுவதும் கொத்தி எடுத்து, சுவரை ஆறவிட்டு, சிதைந்த கற்களை மட்டும் மாற்றி, மீண்டும் சுண்ணாம்பே பூசினால் அந்தச் சுவர் தேறிவிடும். சுண்ணாம்பு இறுகச் சில வாரங்கள் ஆகும். ஒப்பந்தக் காலக்கெடுவில் அந்த வாரங்களுக்கு இடம் ஒதுக்க மறுப்பதுதான் எங்கள் துறையின் பெரிய தலைவலி.

கூரைக்கும் இதே கதைதான். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கற்களைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிணைத்த மெட்ராஸ் டெரஸ் மீது, ஒழுகுகிறதென்று கான்கிரீட்டைக் கொட்டுகிறார்கள். அத்தனை பாரத்தையும் சுமப்பது அந்தக் கட்டைகள்தான்.

மறுபயன்பாடு எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பாரிஸின் ஓர்சே நிலையம் எனக்குப் பிடித்த உதாரணம். 1900 உலகக் கண்காட்சிக்காக விக்டர் லாலூ வடிவமைத்தது. ரயில்கள் நீண்டுகொண்டே போக, நடைமேடைகள் குட்டையாகிவிட்டன. 1939இலேயே தொலைதூர ரயில்கள் அங்கு நின்றுபோயின. இடித்துவிட்டு ஹோட்டல் கட்டவும் திட்டம் போட்டார்கள். 1971இல் பாரிஸின் பழைய சந்தை மண்டபங்களை இடித்ததில் எழுந்த கொதிப்பு ஓர்சேயைக் காப்பாற்றியது. 1986இல் அது அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கண்ணாடிக் கூரையிட்ட நடுமண்டபத்தை அறைகளாகக் கூறுபோடாமல், அதன் நீளத்தையே காட்சிக்கூடமாக்கிய முடிவைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன்.

நம் ஊர்களில் அவ்வளவு பெரிய காரியம் தேவையில்லை. மீட்டர்கேஜ் பாதைகள் அகலப்பாதையான பிறகு, பக்கத்திலேயே புதுக் கட்டடம் எழுந்து, பழைய நிலையம் முள்செடிக்குள் கிடக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் பல. டிக்கெட் அறை, தாழ்வாரம், காத்திருப்புக் கூடம் எல்லாம் காற்றும் வெளிச்சமும் நிறைந்தவை. நூலகத்துக்கும் படிப்பகத்துக்கும் கச்சிதமாகப் பொருந்தும். கடைகளுக்கு விடுவதானால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். ஷட்டர் போடுவதற்காகச் சுமைதாங்கும் சுவரை உடைப்பார்கள், குளிர்சாதன இயந்திரத்தின் நீரைச் சுவரடியிலேயே விடுவார்கள்.

நூறு ஆண்டு தாண்டிய கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு தானாக வந்துவிடும் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. உரிய அரசு முறையாக அறிவித்தால் மட்டுமே சட்டம் துணைக்கு வரும். ஆகவே உங்கள் ஊர் நிலையத்தை இடிக்கப் போவதாகத் தெரிந்தால், "பாரம்பரியம் அழிகிறது" என்று மட்டும் மனு எழுதாதீர்கள். அறிக்கை தந்த பொறியாளர் சுண்ணாம்புக் கட்டுமானத்தில் அனுபவம் உள்ளவரா, கலவை சோதிக்கப்பட்டதா, கட்டைகளின் முனைகளைத் திறந்து பார்த்தார்களா, அளவு வரைபடமும் புகைப்படப் பதிவும் எடுக்கப்பட்டனவா என்று வரிசையாகக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். இடிப்பு ஏலம் விடுவதற்கு முன்பே அந்த மனு போய்ச் சேர வேண்டும். ஏலம் முடிந்தால் முதலில் வெளியேறுவது தேக்குக் கட்டைகள். அவை போய்விட்டால் என் போன்றவர்களைக் கூப்பிட்டும் பயனில்லை.